புதுப்பிப்பு: ஜூரியா நீதிபதியா, யார் முடிவு செய்வது?

போன வாரம் இங்கே, இலங்கையில் ஜூரி முறை (சாதாரணப் பொதுமக்கள் சிலர் சேர்ந்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது) செத்துப்போன சங்கதி என்று எழுதியிருந்தேன். தப்பு. என் சிநேகிதியான சட்டத்தரணி ஒருத்தி 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தை என் முன்னால் விரித்துவைத்து, தேத்தண்ணி ஆறும்வரை விளக்கினாள்.

மேல் நீதிமன்றத்தில் சாதாரணமாக நீதிபதி தனியாகத்தான் விசாரிப்பார். ஆனால் கொலை மாதிரிச் சில பாரதூரமான குற்றங்களில், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கேட்டால் ஜூரி வரும். ஏழு பேர், அதில் குறைந்தது ஐந்து பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. எந்த மொழி பேசும் ஜூரி என்பதையும் எதிரியே தெரிவு செய்யலாம் என்றாளே, அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ரவிராஜ் கொலை வழக்கு ஞாபகம் இருக்கும். 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் எம்பி. எதிரிகள் சிங்கள ஜூரியைக் கேட்டார்கள், அவருடைய மனைவி தரப்பு எதிர்த்தும் எடுபடவில்லை, 2016 டிசம்பரில் ஒரு நள்ளிரவில் ஐந்து பேரும் விடுதலை.

நீதிபதி என்றால் காரணத்தை எழுதியாக வேண்டும், நாம் வாசித்துச் சண்டை பிடிக்கலாம். ஜூரி காரணம் சொல்லாது. கொல்லப்பட்டவரின் குடும்பத்திடம் யாரும் விருப்பம் கேட்பதுமில்லை, எனக்கு உறுத்துவது அதுதான்.

"நீ எதிரியாக நின்றால் எதைக் கேட்பாய்?" என்று பின்னூட்டத்தில் கேட்டவருக்கு: நான் குற்றம் செய்யவில்லை என்றால், நீதிபதி.