நிறம் 60% போயிற்று, டிஓசி (தண்ணீரில் கரைந்த கரிமக் கார்பன்) ஏன் அசையவில்லை? பிச்சாவரம் தண்ணீரை வெயிலில் வைத்த சோதனை

கண்டல்வாசி (கேள்வி):
பிச்சாவரத்தில் நீர் வற்றும் நேரம், சுரபுன்னை வேர்களுக்கிடையே எடுத்த தண்ணீர். இளந்தேநீர் நிறம், உப்புத்தன்மை 18. 0.7 மைக்ரான் கண்ணாடியிழை ஃபில்டரில் வடிகட்டி, 500 மி.லி. போரோசிலிகேட் பாட்டில்களில் மூடி, மொட்டைமாடியில் 10 நாள் வைத்தேன். இருட்டுப் பாட்டில் ஒன்று, ஏசி அறை அலமாரியில்.

1 செ.மீ. குவெட்டில் (அளவுக்கான சிறு செல்) 350 நானோமீட்டர் அப்சார்பன்ஸ் (ஒளியை விழுங்கும் அளவு; 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் கடக்கும்): தொடக்கம் 0.120, வெயில் 0.048, இருட்டு 0.110. டிஓசி மட்டும் 9.2-லிருந்து 8.6 மி.கி./லி. மெஷினில் கோளாறா? வெயில் பாட்டிலின் அடியில் பழுப்புத் தூசி வேறு படிந்திருக்கிறது. இருட்டுப் பாட்டிலிலும் கொஞ்சம்.

ஒளிவேதி:
மெஷினைச் சந்தேகிக்க வேண்டாம். வெளுப்பதும் கார்பன் வெளியேறுவதும் வேறு வேறு. லிக்னின், டானின் வழி வந்த அரோமாட்டிக் வளையங்கள்தான் (பென்சீன் போன்ற கார்பன் வளையங்கள்) ஒளியை விழுங்கும். அவை உடைந்தால் நிறம் போய்விடும். ஆனால் துண்டுகள் ஃபார்மிக், அசிட்டிக், பைருவிக் அமிலங்களாகவும் ஃபார்மால்டிஹைடாகவும் தண்ணீரிலேயே இருக்கும். அவை 350-இல் தெரியாது, டிஓசியில் தெரியும். ஒரு பங்குதான் கார்பன் டை ஆக்சைடாகவும், அதைவிட மிகக் குறைவாகக் கார்பன் மோனாக்சைடாகவும் போகும்.

குறைந்ததாகச் சொல்லும் 0.6 மி.கி.யையும் அப்படியே நம்பாதீர்கள். மெஷினின் துல்லியம் 3% என்றால் அதுவே கிட்டத்தட்ட 0.3. மூன்று பாட்டில் வையுங்கள், ஒவ்வொன்றையும் மூன்று முறை மெஷினில் செலுத்தி அளந்து பாருங்கள். மாதிரி வைக்கும் கண்ணாடிக் குப்பிகளை 450 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சுட்டெடுத்திருக்க வேண்டும். அமிலமிட்டு pH 2-க்குக் கீழே இறக்கி, கனிமக் கார்பன் முழுதும் போகும்வரை வாயு ஊதுங்கள். உப்புத் தண்ணீரில் இது அரைகுறையானால் டிஓசி ஏறியே காட்டும்.

மேசைஓரம்:
என் பார்வையில் பெரிய தவறு பாட்டில்தான். உங்கள் தண்ணீரில் 1 செ.மீ.க்கு 0.120 என்றால் 8 செ.மீ. விட்டத்துக்கு 0.96. அதாவது 350 நானோமீட்டர் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் சேரும். 300 அருகே இன்னும் மோசம். ஓரத்துத் தண்ணீர் வெளுக்கும், நடுவில் இருப்பது நிழலில் கிடக்கும். போதாததற்கு அந்தத் தடித்த கண்ணாடியே புறஊதா-பி-யில் கணிசமான பங்கைத் தடுத்துவிடுகிறது. 2 செ.மீ. குவார்ட்ஸ் குழாய்க்கு மாறுங்கள். அதே தண்ணீரில் 58% கடக்கும்.

இருட்டுக் குழாயை அலுமினியத் தாளில் சுற்றி, வெயில் குழாய்கள் கிடக்கும் அதே தண்ணீர்த் தட்டில் போடுங்கள். ஏசி அலமாரியில் வைத்தால் ஒளியோடு வெப்பத்தையும் சேர்த்து ஒப்பிடுகிறீர்கள். கறுப்புப் பாலிதீன் கவரும் கூடாது, அது சூடேறும்.

0.7 மைக்ரானில் பாக்டீரியா தாராளமாகக் கடந்துவிடும். 0.2 மைக்ரானில் வடிகட்டுங்கள்; ஃபில்டரே கார்பன் கசியவிடும் என்பதால் முதல் 100 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். கிருமியைத் தடுக்க சோடியம் அசைடு போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது வெயிலில் உருவாகும், வினைவேகம் மிகுந்த ஒற்றை ஆக்சிஜனை (singlet oxygen) விழுங்கி வினையையே மாற்றும். டிஓசிக்கு அமிலமிடும்போது நச்சான ஹைட்ரசோயிக் அமில ஆவியும் கிளம்பும்.

ஒளிவேதி:
கூடவே ஒன்று. அலைநீளம் கூடக் கூட அப்சார்பன்ஸ் இறங்கும் சரிவைப் பாருங்கள்: 275–295 நானோமீட்டர் பட்டையின் சரிவை 350–400 பட்டையின் சரிவால் வகுத்தால் வரும் விகிதம். வெயில் வெளுத்தால் அது ஏறும். பாக்டீரியா வேலை என்றால் பெரும்பாலும் ஏறாது. ஆனால் 0.048-ஐ வைத்துக்கொண்டு 1 செ.மீ. குவெட்டில் 400 வரை போனால் இரைச்சல்தான் மிஞ்சும். 5 அல்லது 10 செ.மீ. செல் எடுங்கள். அடிக்கோடு சரியாக இருக்க, 700 அருகே உள்ள அப்சார்பன்ஸ் சராசரியைக் கழிக்க மறக்காதீர்கள். வெயிலையும் நாள் கணக்கில் எழுதாதீர்கள், மேகம் வந்தால் கணக்கு போயிற்று. புறஊதா-ஏ மீட்டர் இல்லையென்றால் பட்ட ஒளியின் அளவைத் தன் சிதைவால் காட்டும் பாரா-நைட்ரோஅனிசோல்–பிரிடின் கரைசலை அதே வகைக் குழாயில் பக்கத்தில் வையுங்கள்.

கண்டல்வாசி:
நன்றி. அந்தப் பழுப்புத் தூசியை வடித்து அமிலத்தில் கரைத்தேன். அஸ்கார்பிக் அமிலமும் பினாந்த்ரோலினும் சேர்த்ததும் ஆரஞ்சுச் சிவப்பு வந்தது.

மேசைஓரம்:
அப்படியானால் இரும்பு. கரிமச் சேர்மம் பிடித்து வைத்திருக்கும் வரைதான் அது கரைந்திருக்கும். வெயில் அந்தப் பிடியை உடைத்ததும் ஹைட்ராக்சைடாகத் திரண்டு, கொஞ்சம் கார்பனையும் நிறத்தையும் கூட்டிக்கொண்டு அடியில் விழுகிறது. உப்பு நீரில் இருட்டிலும் சிறிதளவு திரளும், உங்கள் 0.110 அதனாலும் இருக்கலாம். ஆகவே அந்த 0.6 மி.கி. முழுவதும் வாயுவாகப் போனதாக எழுதிவிடாதீர்கள். அடுத்த முறை அளக்கும் முன் குழாயை நன்றாகக் குலுக்கி, சுட்டெடுத்த கண்ணாடியிழை ஃபில்டரில் வடித்து, அந்த ஃபில்டரைத் தனியாக சிஹெச்என் அனலைசருக்குக் (கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜனை அளக்கும் கருவி) கொடுங்கள். இரும்பு சேர்ந்த படிவு கண்ணாடிச் சுவரிலும் ஒட்டும், அதனால் குழாய்களை மறுபடி எடுக்கும் முன் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறட்டும்.