பஞ்சு பொம்மைத் தொழிலை உள்ளிருந்து கற்க எந்தப் பிரிவில் சேரலாம்?

கேள்வி – திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பள்ளிச் சீருடை தைத்து வரும் எனக்கு, ஃபர் துணியில் கரடி, யானை போன்ற பஞ்சு பொம்மைகள் செய்து விற்கும் எண்ணம் உண்டு. முதலீடு செய்யும் முன், புதுச்சேரியில் ஒரு சிறிய பட்டறையில் சில காலம் வேலை பார்த்துத் தொழிலை அறிய விரும்புகிறேன். எந்தப் பிரிவைக் கேட்பது?

பதில் – வெட்டுமேசை

வெட்டும் பிரிவைக் கேளுங்கள், அம்மா. தையல் உங்களுக்கு முன்பே தெரியும். ஃபர் துணியின் மயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால், சீருடைத் துணியில் செய்வதுபோல் அட்டை அச்சைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இடத்தை மிச்சப்படுத்த முடியாது. திருப்பினால் கரடியின் ஒரு கன்னம் கருத்தும் மறு கன்னம் வெளுத்தும் தெரியும். ஒரு பொம்மைக்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்பது அந்த மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. மாதிரிப் பொம்மைக்குக் கத்தரிக்கோலைத் தவிர்த்து, துணியின் பின்பக்கத்தை மட்டும் பிளேடால் கீறுவார்கள், அதையும் கவனியுங்கள். பின்னால் வாஷர் போட்டுப் பூட்டும் கண்களைப் பஞ்சு அடைப்பதற்கு முன்பே பொருத்த வேண்டும் என்பதால், வேலையின் வரிசையும் அங்கிருந்தே புரியும்.

பதில் – வில்லியனூரான்

சட்டத்தையும் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 9873 தரநிலையின்படி, பஞ்சு பொம்மையின் தையலை 70 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய 7 கிலோ தொங்கும் அளவுக்கு, இழுத்துப் பார்ப்பார்கள். தீப்பற்றும் தன்மைக்கும் தனிச் சோதனை உண்டு. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், இயந்திரத்தில் மொத்தமாகத் தைப்பவர் அதை நம்பி இறங்கக் கூடாது. பண்ருட்டிக் கொலு பொம்மைக்காரர்களிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. அலங்காரப் பொருளின் கதை வேறு.

பதில் – பார்சல் கணக்கர்

வெட்டுமேசை நண்பர் சொல்வது சரியே. ஆனால் லாபம் கரைவது பார்சல் கட்டும் இடத்தில். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடைக்கே பணம் கேட்பார்கள். 50, 40, 40 அளவுள்ள பெட்டிக்கு அது 16 கிலோ. உள்ளே இருக்கும் பொம்மைகளோ இரண்டு மூன்று கிலோகூட வராது. காற்றை உறிஞ்சி அமுக்கிக் கட்டினால் இடம் குறையும், ஆனால் மலிவான பஞ்சு மீண்டும் உப்பாது. ஆகவே எந்தப் பஞ்சு வாங்குகிறார்கள், எவ்வளவு நாள் அமுக்கி வைக்கிறார்கள் என்பதை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் எண்ணத்தை முதலாளியிடம் முன்னரே சொல்லிவிடுவது நல்லது. சீருடைப் பருவம் இல்லாத மாதங்களில் அவரே உங்களுக்குத் தையல் வேலையை வெளியே கொடுக்கக்கூடும்.