ஸ்பெக்ட்ரம் 48கே கணினியைப் புதிய டிவியில் இணைக்க உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் 48 கிலோபைட் வகை ஒன்று, ரப்பர் விசைகளின் எழுத்துகூட அழியாத நிலையில், அண்மையில் எனக்குக் கிடைத்தது. 3.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இசட்80 செயலியும் 256-க்கு 192 புள்ளித் திரையும் கொண்ட இக்கணினி, படத்தை யுஎச்எஃப் அலைவரிசையில் (பழைய டிவிகளின் ஆன்டெனா வழி சிக்னல்) மட்டுமே தருவதால், அதைப் பிடிக்கும் அனலாக் ட்யூனர் இல்லாத என் டிவியில் அதைக் காண வழியில்லை.

படத்தை அந்த அலைவரிசைக்கு மாற்றும் மாடுலேட்டர் பெட்டிக்குள் செல்லும் இரு கம்பிகளில், 5 வோல்ட் கம்பியைத் துண்டித்துவிட்டு, வீடியோ கம்பியை வெளிச் சாக்கெட்டின் நடுமுனையில் பற்றவைத்தால் காம்போசிட் சிக்னல் (முழுப் படமும் ஒரே கம்பியில் வரும் வீடியோ) கிடைக்கும் என்பதை அறிவேன். இடையில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்ப்பது அவசியமா, நேரடி இணைப்பே போதுமா என்பதை, செய்து பார்த்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். அடாப்டரின் நடுமுனை மைனஸ் என்பதை (வழக்கத்துக்கு நேர்மாறு!) ஏற்கெனவே கவனித்துவிட்டேன்.