லிமினல்: ‘இடைநிலை’ என்று போட்டால் போதுமா?

சொல்தேடி:
மானுடவியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும் வேலை. ‘லிமினல்’ (liminal) என்ற ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அகராதிப்படி ‘இடைநிலை’ என்று போட்டால் பாதி இடங்களில் வாக்கியம் சப்பென்று ஆகிவிடுகிறது. இன்டர்மீடியட், இன்டரிம், லிம்போ இவற்றிலிருந்து இது எங்கே பிரிகிறது? இணையத்தில் ‘லிமினல் ஸ்பேஸ்’ என்று சுற்றும் படங்களுக்கும் இதே பொருள்தானா?

வேர்ப்பிடி:
லத்தீனில் ‘லீமென்’ என்றால் வாசற்படி. அந்தப் படம் மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். படியில் கால் வைத்தவர் வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. ஆனால் அவர் நகர்ந்துகொண்டிருக்கிறார் என்பதுதான் முக்கியம். ‘நடு’ என்பது இடம், ‘லிமினல்’ என்பது கடப்பு.

வெதுவெதுப்பான நீர் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் இருக்கிறது. அது லிமினல் அல்ல. கூட்டுப்புழு லிமினல்: புழுவின் உடல் பெரும்பாலும் கரைந்துவிட்டது, பட்டாம்பூச்சியின் உடல் இன்னும் முழுதாக உருவாகவில்லை. பழைய பெயர் போய்விட்டதா, புதிய பெயர் இன்னும் வரவில்லையா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் சொல்லைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

மானுடவியலில் இதை நிலைநிறுத்தியவர் ஆர்னால்ட் வான் ஜென்னப். 1909-இல் வெளிவந்த பிரெஞ்சு நூலில், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சடங்குகளைப் பிரிதல், கடத்தல், சேர்தல் என மூன்று கட்டமாகப் பிரித்தார். நடுக்கட்டம்தான் லிமினல். 1960-களில் விக்டர் டர்னர், சாம்பியாவின் நிடெம்பு மக்களிடையே செய்த ஆய்வைக் கொண்டு அந்த நடுக்கட்டத்தை மட்டும் விரித்து எழுதினார். உங்கள் கட்டுரையில் டர்னர் பெயர் வந்தால், ‘லிமினல்’ அங்கே கலைச்சொல். எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல்தான் வர வேண்டும்.

ப்ரிலிமினரி, எலிமினேட் இரண்டும் இதே வாசற்படியிலிருந்து வந்தவைதான்: முன்னது படிக்கு முந்தியது, பின்னது படிக்கு வெளியே தள்ளுவது.

பிழைதிருத்தி:
‘இடைநிலை’ ஏன் சப்பென்று ஆகிறது என்றால், அந்தச் சொல் ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. இடைநிலைக் கல்வியில் அது ஒரு படிநிலை, இலக்கணத்தில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் வரும் உறுப்பு, வேதியியலில் இடைநிலைத் தனிமங்கள். இவற்றில் எதிலும் தத்தளிப்பு கிடையாது.

மற்றவை எளிது. இன்டர்மீடியட் தரத்தைச் சொல்வது, அதற்கு ‘இடைநிலை’ சரி. இன்டரிம் என்பது நிரந்தர ஏற்பாடு வரும்வரை ஒப்பேற்றுவது, ‘இடைக்கால’ உத்தரவு என்பதுபோல. லிம்போதான் பலரையும் சறுக்க வைக்கும். அங்கே நகர்வு நின்றுவிட்டது, எப்போது முடியும் என்று தெரியாது. தமிழில் அதற்கு அச்சாகப் பொருந்துவது திரிசங்கு நிலை. இன்னும் முடிவெடுக்காதவரை மதில்மேல் பூனை என்போம். அதுவும் லிமினல் ஆகாது, ஏனென்றால் அவர் எதையும் விட்டு வரவில்லை. ‘இரண்டுங்கெட்டான்’ பொருளில் மிக நெருக்கம், ஆனால் அதில் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டுரைக்கு ஆகாது.

சொல்தேடி:
அப்படியானால் கலைச்சொல்லாக எதை வைப்பது?

பிழைதிருத்தி:
‘கடப்புநிலை’. லிமினாலிட்டிக்கு ‘கடப்புநிலைத் தன்மை’. முதல் முறை வரும்போது வாசற்படி உவமையை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். ‘மாறுநிலை’ வேண்டாம், இயற்பியலில் மாறுநிலை வெப்பநிலை என்று வேறு பொருளில் புழங்குகிறது.

கலைச்சொல்லாக இல்லாமல் வர்ணனையாக வரும் இடத்தில் பெயர்ச்சொல்லையே தேடாதீர்கள். ‘செய்தும் செய்யாத’ என்ற அமைப்பு இருக்கிறதே! ‘தி லிமினல் அவர் பிஃபோர் டான்’ என்பதை ‘விடியலுக்கு முந்தைய இடைநிலை நேரம்’ என்று எழுதினால் ரயில் அட்டவணை மாதிரி இருக்கும். ‘விடிந்தும் விடியாத பொழுது’ என்றால் முடிந்தது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே என்றால் ‘உறங்கியும் உறங்காத நிலை’. அந்த ‘உம்’ ஒரு காலை முன்னே வைக்கிறது, ‘ஆத’ மறு காலைப் பிடித்து நிறுத்துகிறது. இதற்கு மேல் ஒரு சொல் தேவையே இல்லை.

நடைபாதை:
இரண்டு எச்சரிக்கைகள். உளவியல் பகுதியில் ‘லிமினல்’ வந்தால் பொருளே வேறு. அங்கே லீமென் என்பது உணர்வின் வாயில்: ஒரு தூண்டலைப் பாதித் தடவையாவது, அதாவது 50 சதவீத முயற்சிகளில், உணரமுடிகிற அளவு. ‘சப்லிமினல்’ அதற்குக் கீழே. அந்த இடங்களில் ‘கடப்புநிலை’ போட்டால் வாக்கியம் பிழையாகிவிடும். ‘உணர்வெல்லை’ அல்லது ‘பயன்தொடக்க அளவு’ என்று எழுதுங்கள்.

அடுத்தது படங்கள். ஆளில்லாத மஞ்சள் அறைகளின் படம் 2019-இல் பரவிய பிறகு ‘லிமினல் ஸ்பேஸ்’ வெறிச்சோடிய எந்த இடத்துக்கும் பெயராகிவிட்டது. கறாராகப் பார்த்தால், கடந்து போவதற்கென்றே கட்டிய இடமாக இருக்க வேண்டும்: நடைவழி, மாடிப்படி, காத்திருப்புக் கூடம். அங்கே கடப்பவர்கள் இல்லாததுதான் உறுத்துகிறது. காலியான படுக்கையறை வெறும் காலி அறைதான். இந்தப் பொருளுக்கு ‘இடைகழி’ என்ற பழைய சொல்லைத் தூசி தட்டி எடுக்கலாம். வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலுள்ள நடைக்கு அதுதான் பெயர்.

உச்சரிப்பு பெரும்பாலும் லிமினல், அழுத்தம் முதல் அசையில்.