புதுப்பிப்பு: அப்பாவின் இதய அமிலாய்டோசிஸும் பயாப்ஸியில் வந்த அழற்சியும்

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: அப்பாவின் இதயத்தசை பயாப்ஸியில் அமிலாய்டோடு (தசையில் படியும் பிறழ்ந்த புரதம்) லிம்போசைட், மேக்ரோபேஜ் என்ற அழற்சி அணுக்களும் இருக்கின்றன, இது தனி மயோகார்டைட்டிஸா (இதயத்தசை அழற்சி), ஸ்டீராய்டு வேண்டுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கை கொடுத்தது, "எலும்பு ஸ்கேனை மட்டும் நம்பாதீர்கள், ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின் பாருங்கள்" என்ற யோசனைதான் (லைட் செயின் என்பது ஆன்டிபாடி புரதத்தின் ஒரு துண்டு). ஸ்கேனில் இதயத்தில் மருந்து லேசாக ஏறியிருந்ததை வைத்து டிடிஆர் வகை (டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் படிவது) என்றே முடிவு கட்டியிருப்பார்கள், ஆனால் ரத்தத்தில் லாம்டா வகை லைட் செயின் எக்கச்சக்கம், பயாப்ஸி துண்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு (படிந்தது எந்தப் புரதம் என்று காட்டும் சோதனை) அனுப்பியதும் லைட் செயின் படியும் ஏஎல் வகை என்று உறுதியாகிவிட்டது. ஏஎல்லிலும் அந்த ஸ்கேன் ஏறும் என்பது எனக்குப் புதிது.

சரி, அழற்சி? வைரஸ் எதுவும் கிடைக்கவில்லை. லைட் செயினே தசையணுக்களுக்கு நஞ்சு, அதோடு அழற்சியும் சேர்ந்தால் நிலைமை கொஞ்சம் மோசம்தான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதற்கென்று தனி மருந்து தரவில்லை. ஏஎல்லுக்கான டாராடுமுமாப், போர்டிசோமிப், சைக்ளோபாஸ்பமைடு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அவ்வளவுதான், அதாவது நான் கேட்ட ஸ்டீராய்டு அதற்குள்ளேயே இருக்கிறது!

இரண்டு சுற்று முடிந்தது. லைட் செயின் வேகமாக இறங்கியது, இதயச் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி மெதுவாக, இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இன்னும் அசையவில்லை. எதிர்பாராதது ரத்த அழுத்தம்: எழுந்து நின்றாலே 80க்குப் போய் சுவரைப் பிடித்துக்கொள்கிறார், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பழைய பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்திய பிறகு பரவாயில்லை. சாக்ஸ் கழற்றினால் கணுக்காலில் வீக்கத்தால் விழும் அந்தப் பள்ளம் மட்டும் இன்னும் இருக்கிறது.