வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: குருதிக்குழல் ‘தளர்ச்சி’க்கு மாற்று

பாளையங்கோட்டை ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். முதலாண்டு விலங்கியல் தமிழ்வழி மாணவிகளுக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உயிரணுக்களில் செய்தியை உண்டாக்கவும் கேட்டு நடக்கவும் செய்யும் சமிக்ஞைப் புரதங்கள் குருதிக்குழலின் இறுக்கத்தை எப்படிக் குறைக்கின்றன என்பது பாடம். நேற்று கரும்பலகையில் ‘குருதிக்குழல் தளர்ச்சி’ என்று எழுதினேன். முன்வரிசைப் பிள்ளை எழுந்து, “டீச்சர், இது நரம்புத் தளர்ச்சி மாதிரியா? இதுக்கு என்ன மருந்து?” என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவள் தினமும் படிக்கிற சொல் அது. உடம்பு நலமாக இருக்க நடக்கிற வேலைக்கு நோயின் பெயரை வைத்துவிட்டேன். வேறு சொல் தாருங்கள்.

ஆழ்வார்குறிச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ‘நெகிழ்ச்சி’ இருக்கக் கவலை எதற்கு? ‘தொடியொடு தோள்நெகிழ நோவல்’ என்பது வள்ளுவர் வாக்கு. இறுகி நின்றது இறுக்கம் விடுவதே நெகிழ்தல். கையோடு குறிப்பிலிருந்து ‘தமனி’யையும் எடுத்துவிடுங்கள். வடமொழியில் ஊதுதலைக் குறிக்கும் வேரில் பிறந்தது அது. ஓடுவது குருதி. ஊதலுக்கு அங்கே என்ன வேலை?

தென்காசி செவிலியர்:

ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் குறள் இருக்கிற அதிகாரத்தோட பேரே ‘உறுப்புநலன் அழிதல்’. பிரிவால மெலிஞ்சுதான் தலைவிக்குத் தோள் நெகிழுது. அப்போ அதுவும் நோய்ச்சொல்தானே? பேசாம ‘விரிவு’ன்னே வச்சிரலாம். இன்னொன்னு, எங்க வார்டுல குழல், நாளம், தமனின்னு யாரும் சொல்லுதது இல்லை. “ஊசி போட நரம்பு கிடைக்கலை”ன்னு நாங்களே சொல்லுதோம். எந்தச் சொல்லு வந்தாலும் அந்த வாயில நுழையணும்.

பாளையங்கோட்டை ஆசிரியை:

அக்கா, விரிவு என்பது விளைவு. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறோம். விரலை விட்டதும் குழாய் தானே விரிகிறது. என் பாடம் விரலைப் பற்றியது. 1980இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். உட்சுவரின் மெல்லிய உயிரணுப் படலம் சேதமில்லாமல் இருந்த துண்டில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் குழல்சுவரின் தசை இளகியது. படலம் உரசி உதிர்ந்துபோன துண்டு இளகவில்லை. அப்படியானால் படலம் தசைக்கு ஏதோ சொல்லி அனுப்புகிறது. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுதான் அந்தச் செய்தி என்று பிறகு தெரிந்தது. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

செய்தி வாயுதான், ஆனால் அதை உண்டாக்குவதும் கேட்டு நடப்பதும் புரதங்கள். படலத்தில் உள்ள நொதி ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து வாயுவை உண்டாக்குகிறது. அது தசையணுவுக்குள் புகுந்து குவானிலேட் சைக்ளேஸ் என்ற புரதத்தில் ஒட்ட, அந்தப் புரதம் சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறை உண்டாக்க, அது புரதக் கைனேஸ் ஜி என்ற நொதியை எழுப்பிவிடுகிறது. தசையணுவில் கால்சியம் குறைகிறது, தசையைச் சுருக்கும் புரதமான மயோசின் தன் இணையான ஆக்டினை இழுப்பதை விடுகிறது. ‘விரிவு’ என்று எழுதினால் இத்தனை வேலையும் மறைந்துபோகும்.

உடன்குடி மொழிபெயர்ப்பாளர்:

அக்கா, எழுதும்போதே உங்களுக்கு ‘இளகியது’ என்று தானாக வந்திருக்கிறது பாருங்கள். அதையே வைக்கலாமே! ஐப்பசி அடைமழையில் கருப்பட்டி இளகுவதை எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. ‘குழல் நெகிழ்ச்சி’ வேண்டாம், இலக்கியம் படித்தவர்களுக்கு அவிழ்ந்த கூந்தல்தான் தோன்றும்.

ஆழ்வார்குறிச்சி:

தம்பி, இளகிய கருப்பட்டி அச்சு கெட்டுப்போகும். குழலோ இறுகவும் நெகிழவும் மாறி மாறி வாழ்வது. தவிர, மலமிளக்கியை மறந்துவிட்டீர்களா? வகுப்பில் சிரிப்பார்கள். ‘சமிக்ஞைப் புரதம்’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. ‘தூதுப் புரதம்’ என்க. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுத்தது நம் நெல்லையில் இருந்துகொண்டுதான். அந்த மண்ணில் உட்கார்ந்து சமிக்ஞை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உடன்குடி:

ஐயா, ‘தூத’ ரிக் வேதத்திலேயே உண்டு. அங்கே அக்னிதான் தூதன். தமனியை வெளியே அனுப்பிய வாசல் வழியாகத் தூதும் போக வேண்டுமே. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று, வடவெழுத்தை விட்டால் வடசொல் வரலாம் எனத் தொல்காப்பியரே வழிவிட்ட பிறகு நாம் ஏன் அடைக்க வேண்டும்? தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் ‘குறிப்பு’ இருக்கிறது. குறிப்பறிதல் என்று குறளில் 2 அதிகாரங்கள்: அமைச்சனுக்கு ஒன்று, காதலருக்கு ஒன்று. வாய் திறக்காமல் ஒருவர் மனத்தை மற்றவர் அறிவது. வாயு வந்து ஒட்டியதும் புரதம் செய்வது அதையேதான். ‘குறிப்பறி புரதம்’ என்போம்.

பாளையங்கோட்டை ஆசிரியை:

அழகாக இருக்கிறது தம்பி. ஆனால் பிள்ளைகளுக்குக் குறிப்பு என்றால் நோட்ஸ். இன்றைக்குப் புதன்கிழமை.

தென்காசி செவிலியர்:

நேத்து ராத்திரி டியூட்டியில ஒரு தாத்தா. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வச்சோம். அந்த நைட்ரோகிளிசரினும் டீச்சர் சொன்ன அதே வாயுவைத்தான் உடம்புக்குள்ள உண்டாக்குது. “இது என்னம்மா செய்யும்?”ன்னு கேட்டார். யோசிக்காம, “ரத்தக்குழாய் பிடியை விட்டுரும் தாத்தா”ன்னு சொன்னேன். “சரி, விடட்டும்”னு கண்ணை மூடிக்கிட்டார். திரும்பி வரும்போதுதான் உறைச்சுது. டீச்சரும் விரல், பிடின்னுதானே எழுதியிருந்தாங்க? ‘பிடிதளர்வு’ன்னு வச்சா என்ன? தனியா நின்னா தளர்ச்சி நோய். பிடி தளர்ந்தா நல்லதுதானே.

உடன்குடி:

எனக்குச் சம்மதம். கருப்பட்டியை விட்டுவிடுகிறேன்.

ஆழ்வார்குறிச்சி:

எனக்குச் சம்மதமில்லை. தசைப்பிடிப்பு, வாயுப்பிடிப்பு என்று பிடிப்பும் நோயாகவே வழங்குகிறது. நலமான குழலிலும் ஓரளவு இறுக்கம் எப்போதும் உண்டு என்று அம்மையாரின் பாடமே சொல்லுமே? அந்த இறுக்கத்தைப் பிடி என்றால், குழல் எந்நேரமும் நோயில் கிடப்பதாகாதா? என் வாக்கு நெகிழ்ச்சிக்கே. பதிவு செய்க.

பாளையங்கோட்டை ஆசிரியை:

பதிவு செய்துவிட்டேன் ஐயா. பாடத்தில் ‘குருதிக்குழல் பிடிதளர்வு’, பின்னிணைப்பில் அதன் பக்கத்திலேயே ‘நெகிழ்ச்சி’. நீங்கள் சொன்ன நலமான இறுக்கத்துக்குத் தனிச்சொல் இல்லாமல் அந்தப் பத்தியைச் சுற்றிவளைத்துத்தான் எழுதியிருக்கிறேன், அது எனக்கே திருப்தியில்லை. புரதம் இந்தப் பதிப்பில் சமிக்ஞைப் புரதமாகவே போகிறது. தமனியை எடுக்க மனம் வரவில்லை; பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிட்டு வந்த சொல். அச்சகத்துக்கு நாளை வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் போகிறேன். அதற்குள் இறுக்கத்துக்கு யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.