ஃபிளாட் ஸ்டான்லி: கடதாசிப் பொம்மையை ஐந்து ஊருக்கு அனுப்பி மே மாதத்துக்குள் திரும்ப எடுப்பது எப்படி?

ஸ்காபரோ அம்மா:

வணக்கம். மகள் இங்கே கனடாவில் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ஃபிளாட் ஸ்டான்லி செய்யச் சொல்லியிருக்கினம். பிள்ளை நிறம் தீட்டி வெட்டின கடதாசிப் பொம்மையைத் தபாலில் சொந்தக்காரருக்கு அனுப்ப வேணும். அவர்கள் அதைத் தங்கள் ஊரில் கொண்டு திரிந்து படம் எடுத்து, நாலு வரி எழுதித் திருப்பி அனுப்ப வேணும். மே கடைசியில் வகுப்பில் காட்டுவது. எங்கட ஆட்கள் யாழ்ப்பாணம், சென்னை, லண்டன், ஒஸ்லோ, மெல்பேர்ண் என்று ஐந்து இடத்தில் இருக்கினம். இப்ப செப்டம்பர் கடைசி.

ஒரே பொம்மையைச் சுற்றுக்கு விடுவதா, ஐந்து பொம்மை செய்வதா? லமினேட் பண்ணலாமா? திரும்பி வருவதற்கான முத்திரையை நாங்களே வைத்து அனுப்பலாமா? அங்கேயிருந்து சின்னச் சாமான் ஏதும் வைத்து அனுப்பினால் சுங்கத்தில் மறிப்பார்களா?

சோக்குத்தூள்:

இது உங்கட மாகாணத்திலேயே பிறந்த வேலை. ஜெஃப் பிரவுண் 1964இல் எழுதின சிறுவர் கதையில், அறிவிப்புப் பலகை விழுந்து தட்டையான ஸ்டான்லியைக் கடித உறைக்குள் வைத்துக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்டாரியோவின் லண்டன் நகரில் மூன்றாம் வகுப்பு எடுத்த டேல் ஹியூபர்ட் 1995இல் இதைத் தொடங்கினார். பிள்ளை எழுதுவதற்கு ஒரு காரணம் வேணும், எழுதினதை வாசிக்க உண்மையில் ஒரு ஆள் வேணும். அதுதான் இதன் உயிர். ஆகவே பொம்மையோடு போகிற கடிதம் பிள்ளையின் கையெழுத்தில் இருக்கட்டும். பிழை இருந்தாலும் நீங்கள் திருத்தி எழுதிக் குடுக்க வேண்டாம்.

சுற்றுக்கு விட வேண்டாம். கணக்கைப் பாருங்கோ. ஐந்து இடம் என்றால் ஆறு தபால் பயணம். ஒன்றுக்கு மூன்று கிழமை வைத்தால் பதினெட்டு கிழமை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கிழமை தங்கினால் இன்னும் பத்து. மொத்தம் இருபத்தெட்டு. அக்டோபர் தொடக்கத்தில் இருந்து மே நடுப்பகுதிவரை இருப்பதே முப்பத்திரண்டு கிழமைதான். ஒரு வீட்டில் பொம்மை மேசை லாச்சிக்குள் போய்விட்டால் அதுவரை சேர்ந்த குறிப்புகளும் அதோடு போய்விடும்.

ஐந்து பொம்மை செய்து ஐந்து பேருக்கும் ஒரே நாளில் போடுங்கோ. போக மூன்று, தங்க இரண்டு, வர மூன்று: எட்டுக் கிழமை. அக்டோபர் முதல் கிழமை போட்டால் டிசம்பர் தொடக்கத்தில் கைக்கு வரும். வராததுக்கு ஜனவரியில் இரண்டாம் முறை அனுப்ப நேரம் இருக்கும். நத்தார்க் கால நெரிசலுக்குள் போட வேண்டாம். 2024இல் கனடாத் தபால் வேலைநிறுத்தம் நவம்பர் 15 முதல் டிசம்பர் 17வரை நடந்தது. அப்படி ஒன்று வந்தால் ஒரு மாதம் அப்படியே போகும், அதையும் கணக்கில் வையுங்கோ.

முத்திரை வைத்து அனுப்ப முடியாது. கனடா முத்திரை கனடாவில் போடும் தபாலுக்கு மட்டும்தான். திரும்பும் செலவு அங்கே இருக்கிறவருடையது. அதைத் தொலைபேசியில் முதலே வாய்விட்டுச் சொல்லி, சம்மதம் கேட்டு, திருப்பிப் போட வேண்டிய திகதியையும் சொல்லுங்கோ. பெரும்பாலான பொம்மைகள் தபாலில் தொலைவதில்லை. கேட்காமல் அனுப்பின வீட்டில்தான் தங்கிவிடுகின்றன.

கத்தரியும் பசையும்:

அளவு விஷயம் முக்கியம், இதில்தான் வீண் செலவு வரும். கனடாவில் சாதாரணக் கடிதத்தின் உச்ச அளவு 245 × 156 மில்லிமீட்டர், தடிப்பு 5 மில்லிமீட்டர், எடை 50 கிராம். அதிலும் 30 கிராமுக்குள் ஒரு கட்டணம், அதற்கு மேல் அடுத்தது. ஏ4 தாளைப் பாதியாக மடித்து வைக்கும் சி5 உறை 229 × 162. ஆறு மில்லிமீட்டரால் பெரிய கடிதக் கட்டணத்துக்குள் விழுந்துவிடும். பிரிட்டனில் எல்லை 240 × 165 என்பதால் அதே சி5 உறை அங்கே சாதாரணக் கடிதம்தான். நீங்கள் 6 × 9 அங்குல உறை வாங்குங்கள் (152 × 229). இரண்டு நாட்டிலும் சரியாக இருக்கும். அப்படியென்றால் பொம்மை 21 சென்டிமீட்டர் உயரம், 13.5 சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும். வகுப்பில் தரும் மாதிரி ஏ4 முழுத் தாளுக்கு இருந்தால் 64 சதவீதமாகக் குறைத்து அச்சிடுங்கள்.

தாள் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அட்டை. 80 ஜிஎஸ்எம் சாதாரணத் தாள் இரண்டாவது படம் எடுப்பதற்குள் கழுத்தில் மடிந்துவிடும். 300க்கு மேல் போனால் வளையாது. தபால் பிரிக்கும் இயந்திரத்தில் உறை உருளைகளைச் சுற்றி வளைந்து போகிறது. வளையாத பொருள் உள்ளே இருந்தால் ஓரம் கிழியும், அல்லது தனியே எடுத்துக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். பொத்தான், மினுக்கி, ஐஸ்கிரீம் குச்சி, ஸ்டேப்ளர் ஊசி எதுவும் வேண்டாம். கழுத்து மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல், கால் இரண்டும் ஒட்டினபடியே வெட்டுங்கள். பிரிந்த கால்தான் முதலில் போகும்.

எடையை இப்படிப் பாருங்கள்: உறை 8 கிராம், வெட்டிய பொம்மை 4, பிள்ளையின் கடிதம் ஒரு ஏ4 தாள் 5, குறிப்பு எழுத இரண்டு தாள் 10, திரும்பும் முகவரிச் சீட்டு 1. மொத்தம் 28. திரும்பி வர வெற்று உறையும் வைத்தால் 36 ஆகிவிடும். அதனால் முகவரியை அச்சிட்ட சீட்டு மட்டும் போதும், உறையை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

லமினேஷன் வேண்டாம் என்பதே என் கருத்து. 80 மைக்ரான் லமினேஷன் உறையே நாலு கிராம் கூட்டி 30ஐத் தாண்டவைக்கும். கிரேயான் மெழுகு சூட்டில் உருகி, முகம் இழுபட்டுப் போகும். பளபளப்பு வெயிலில் மின்னிப் படத்தில் முகமே தெரியாது. பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் நிறப் பென்சிலால் தீட்டி, மங்கல் வகை உறையில் போட்டு, பொம்மையைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் ஓரம் விட்டு வெட்டுங்கள். தாளின் விளிம்போடு வெட்டினால் ஈரம் ஏறி இரண்டாகப் பிரியும்.

அதைவிட நல்ல காப்பு: வெட்டுவதற்கு முன் தீட்டிய பொம்மையை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். தொலைந்தால் அந்தக் கோப்பை அனுப்பி, அங்கேயே அச்சிட்டு வெட்டச் சொல்லலாம். பிள்ளையின் கையால் தீட்டிய அதே ஸ்டான்லி ஊர் சுற்றுவான்.

மயிலை வாசகி:

பொம்மையைப் பெறுகிறவங்க பக்கத்திலிருந்து சில விஷயம். உறைக்குள்ள என்ன வெச்சுத் திருப்பி அனுப்பலாம் என்பதில்தான் எல்லாரும் தப்பு பண்றாங்க.

காகிதம் மட்டும் இருந்தா அது கடிதம். சாவிக்கொத்து, வளையல், மிட்டாய் எது வெச்சாலும் அது சரக்கு. 2021 ஜனவரி 1 முதல் சரக்கு உள்ள வெளிநாட்டுத் தபாலுக்கு சுங்க விவரத்தைக் கணினியில் முன்கூட்டியே பதியணும், சி.என். 22 என்கிற சுங்கச் சீட்டும் ஒட்டணும். கடிதக் கட்டணத்துல போடவும் முடியாது. காசு கேக்காத குழந்தை இல்ல, ஆனா சாதாரணத் தபால்ல நாணயமோ நோட்டோ வைக்கக் கூடாதுங்கறது உலகத் தபால் விதி. விதை, காய்ந்த இலை, பூ, இறகு இதெல்லாம் மெல்பேர்ணுக்குப் போற உறையில வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் எடுத்து அழிச்சிடுவாங்க. கனடாவும் விதை விஷயத்துல கறார்தான்.

அதுக்குப் பதிலா பஸ் டிக்கெட், கிழிச்ச நாள்காட்டித் தாள், நியூஸ்பேப்பர் துண்டு, பயன்படுத்தின ஸ்டாம்ப், பள்ளிக் கால அட்டவணையின் ஜெராக்ஸ். வகுப்பில் கையில் தொட்டுப் பார்க்க நாள்காட்டித் தாள் மாதிரி ஒன்று கிடையாது. தமிழ்த் தேதி, ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் ஒரே தாளில் இருக்கு, குழந்தை எழுந்து நின்னு விளக்கலாம்.

படம்: போர்ட்ரெயிட் மோடை அணைச்சிடுங்க, இல்லாட்டி பின்னால இருக்கறது நேப்பியர் பாலமா தெருமுனையா தெரியாது. கையை முழுசா நீட்டிப் பிடிச்சு, திரையில் பொம்மை முகத்தைத் தொட்டு ஃபோகஸ் பண்ணுங்க. உச்சி வெயில் வேண்டாம். கடற்கரைக் காத்துல தாள் மடியும், முதுகில் ஒரு ஐஸ்கிரீம் குச்சியை டேப்பால் ஒட்டிக்கிட்டு, திருப்பி அனுப்பும்போது எடுத்துடுங்க. மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் பொம்மையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா ஸ்டான்லி தள்ளுற மாதிரியே வரும். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயிலுக்குள்ள படம் எடுக்க விடமாட்டாங்க, வெளியே கோபுரத்தோட எடுக்கச் சொல்லுங்க.

இடங்களைவிட வீட்டுப் படம் கேளுங்க. அரிவாள்மனைக்குப் பக்கத்தில், ஆட்டோ மீட்டர்மேல், தாத்தாவின் ஈஸிசேரில். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, என்ன சாப்பிட்டாங்கன்னு ஒரு வரி. வெறும் படம் முப்பது வந்தா குழந்தைக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

ஸ்காபரோ அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். டிசம்பரில் யாராவது சென்னைக்குப் போனால் கையில் குடுத்து விடலாமா? பொம்மையில் பிள்ளையின் பெயர், முகவரி எழுத வேணுமோ?

சோக்குத்தூள்:

கையில் குடுத்து விடுவது தபாலைவிட நல்லது, வகுப்புக்கும் அது சம்மதம்தான். பெட்டியில் போடாமல் கைப்பையில் ஒரு புத்தகத்துக்குள் வைக்கச் சொல்லுங்கோ. 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் இறங்கின விமானத்தில் ஒரு ஸ்டான்லி இருந்தான். கூட வந்த பயணியின் கைப்பெட்டிக்குள் இருந்ததால் அவரோடு கரை சேர்ந்தான். போகிறவர் திரும்பி வருகிற திகதியை மட்டும் கேட்டு வையுங்கோ. பெப்ரவரிக்குள் வராவிட்டால் தபாலில் போடச் சொல்ல வேணும்.

பொம்மையின் முதுகில் பிள்ளையின் முதற்பெயரும் வகுப்பும் பள்ளிக்கூட முகவரியும் போதும். வீட்டு முகவரி உறையில் மட்டும். உறை முகவரியில் ஊரும் நாடும் ஆங்கிலத்தில், நாட்டின் பெயர் கடைசி வரியில் பெரிய எழுத்தில். யாழ்ப்பாணத்துக்கு 40000, சென்னைக்கு 600இல் தொடங்கும் ஆறு இலக்கம். பெறுகிறவரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதினால் தபால்காரர் தேடுவது குறையும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொன்னால் எடுத்த இடத்தின் விவரம் நீங்கிவிடும். டாக்குமெண்ட் ஆக அனுப்பினால் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். மற்றப் பிள்ளைகள் படத்தில் இருந்தால் வகுப்பில் காட்ட முதல் அவர்களின் பெற்றோரைக் கேளுங்கோ.

ஒன்று விட்டுப்போச்சு. பொம்மை போய்ச் சேர்ந்த கிழமை வீடியோவில் ஒருமுறை பேச வையுங்கோ. யாழ்ப்பாணமும் சென்னையும் ஒரே நேரம்தான். நவம்பர் தொடக்கத்தில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றும்வரை வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம், பிறகு பத்தரை. உங்களுக்கு இரவு எட்டு என்றால் மாறின பிறகு அங்கே காலை ஆறரை, அம்மம்மா தேத்தண்ணி குடிக்கிற நேரம். ஸ்டான்லியைப் பக்கத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கோ.